மஞ்சள் பன்னிரண்டு, சிவப்பு ஐந்து

சுகிர்தன் செய்த எந்தச் சாமானும் வேலை செய்ததில்லை என்று வெள்ளவத்தையில் அவனை அறிந்தவர்கள் சொல்வார்கள். அது அநியாயம். ஒன்று வேலை செய்தது. ஒழுங்காக, சொன்னபடி வேலை செய்தது. அதுவும் மற்றவற்றைப் போலச் சண்டித்தனம் பண்ணியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்திராது.

மற்றவற்றைப் பற்றி ஊர் சொல்வதில் பிழை காண முடியாது. மழை தொடங்கினால் மணியடித்து, மொட்டைமாடியில் காயும் உடுப்பை எடுக்கச் சொல்லும் கருவி ஒன்று செய்தான். கடலிலிருந்து ஏறி வருகிற உப்புக் காற்றையே அது மழை என்று நம்பியது. பங்குனி வெயிலில் மூன்று நாள் ஓயாமல் அடித்தது. மேல்மாடி நவரத்தினம் ஐயா வெறுங்காலோடு இறங்கி வந்து, "தம்பி, உமக்கு நான் என்ன பாவம் செய்தனான்?" என்று கேட்ட பிறகுதான் அதன் கழுத்தை நெரித்தான். தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்துவதற்கு ஒன்று செய்தான். அது தாங்கி காலியானதும் மோட்டரை நிறுத்தியது.

அவனுக்கு வயது நாற்பத்தேழு. ஒரு காப்புறுதிக் கொம்பனியில், நட்டஈடு கேட்டு வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் வேலை. பகலில் மற்றவர்களின் எரிந்த பொருட்களைப் பற்றி எழுதுவது தொழில். வீட்டுக்கு வந்து சொந்தமாக எரிப்பது பொழுதுபோக்கு.

வீட்டில் மூன்று பேர். அவன், மகள் சாருஜா, அவனுடைய அக்கா யோகேஸ். மனைவி தனுஷியா பன்னிரண்டு வருடங்களுக்கு முன் டெங்குக் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். சாருஜாவுக்கு அப்போது இரண்டு வயது. அந்தக் கிழமையே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கிய அக்கா, "ஆண்டுத் திவசம் முடியப் போயிடுவன்" என்றாள். பை இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அக்காவும் இருக்கிறாள்.

கல்யாணம் முடித்த வருடம் வாங்கிய கொம்பியூட்டர் ஒன்று அலுமாரிக்கு மேல், கட்டில் விரிப்பால் மூடப்பட்டு, பதினொரு வருடமாகச் சும்மா இருந்தது. வாங்கும்போதே அது வேறு யாரோ பாவித்துக் கழித்தது. மதர்போட் செத்துவிட்டது என்று ராசிக் எப்போதோ சொல்லியிருந்தான். ராசிக்குக்கு மாளிகாவத்தையில் வீடு, கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை. இருபது வருடச் சிநேகிதம். சுகிர்தன் பற்றறி வாங்கி வாங்கிக் களைத்துப்போய்ப் புலம்பிய ஒரு நாள் அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"அந்தப் பழைய கொம்பியூட்டர் இன்னும் ஈக்கா? அதுக்குள்ள ஈக்கிற பவர் சப்ளையக் கழட்டி எடு மச்சான். பன்னண்டு வோல்ட்டும் தரும், அஞ்சு வோல்ட்டும் தரும். உன்ட ஆயுசுக்கும் போதும்."

"வேலை செய்யுமோ?"

"அது வேலை செய்யும். நீ கைவெக்காட்டி."

கொம்பியூட்டர் பவர் சப்ளை என்பது பெரிய செங்கல் அளவில் ஒரு தகரப் பெட்டி. ஒரு பக்கம் காற்றாடி, மறுபக்கம் ஒரு கட்டு வயர். சுவரில் செருகினாலும் உடனே எழும்பாது. மதர்போட் உத்தரவு கொடுத்தால்தான் எழும்பும். மதர்போட் இல்லாதவர்கள் பச்சை வயரைக் கறுப்பு வயரோடு சேர்த்துவிட்டால் போதும், அது உத்தரவு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். மஞ்சள் வயர்களில் பன்னிரண்டு வோல்ட் வரும், சிவப்பில் ஐந்து. கறுப்பு எல்லாவற்றுக்கும் பொது. செருகியைக் கழற்றிய பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், அவசரப்பட்டுத் திறக்காதே என்று ராசிக் எச்சரித்திருந்தான். பதினொரு வருடம் செருகாமல் கிடந்த பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுகிர்தன் மேலும் மூன்று நாள் காத்திருந்தான்.

பிறகு வயர் முனைகளில் இருந்த வெள்ளைச் செருகிகளை எல்லாம் கச்சிதமாக வெட்டி எறிந்தான். ஒன்றே ஒன்று நாலு விரல் வயரோடு மேசைக்குக் கீழே உருண்டு போய்த் தப்பியது. பச்சையையும் கறுப்பையும் சேர்த்துச் சுவரில் போட்டான். காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. ராசிக்குக்கு அழைப்பு எடுத்தான்.

"மெல்லிசா மண்ணிறக் கம்பி ஒண்டு ஈந்திருக்குமே, அத என்னா செஞ்சாய்?"

"வெட்டிப்போட்டன்."

"ஏன்?"

"வடிவில்லாமல் நீட்டிக்கொண்டு கிடந்தது."

பின்னணியில் கொட்டாஞ்சேனை பஸ்களின் ஹோர்ன் கேட்டது. "வோல்ட் சரியாப் போவுதாண்டு பாக்குறதே அந்தக் கம்பிதான் மச்சான். அத வெட்டினாப் பெட்டி பயந்து படுத்துரும். ஒரேஞ்ச் கம்பியோட சேத்து ஒட்டு."

ஒட்டினான். எழும்பியது. சும்மா இருப்பது அந்தப் பெட்டிக்குப் பிடிக்காது, எந்நேரமும் ஏதாவது சுமை வேண்டும், அக்காவைப் போல. அதற்காக ஐந்து வோல்ட்டில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு வெள்ளை றெசிஸ்டரையும் போட்டான். வயர் கொழுவுகிற குமிழ்கள் வாங்கப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனான். மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றும் என்பது அவனுடைய திட்டம். கடைக்காரப் பெடியன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, சிங்களத்தில் "ரத்துய் களுய் விதரய், அய்யே" என்றான். சிவப்பும் கறுப்பும் மட்டும்தான். ஆகவே பன்னிரண்டுக்கும் சிவப்புக் குமிழ், ஐந்துக்கும் சிவப்புக் குமிழ். மாறிப்போகாமல் இருக்க, தகரத்தில் பன்னிரண்டுக்குக் கீழே ஒரு மஞ்சள் பொட்டும் ஐந்துக்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டும் வைத்தான். வீட்டில் பெயின்ற் இல்லை. சாருஜா பள்ளிக்கூடத்தில் சித்திரம் கீறுகிற தண்ணி வர்ணம் இருந்தது.

வோல்ட் அளக்கிற மீற்றரைப் பிடித்துப் பார்த்தான். மஞ்சளில் பன்னிரண்டு தசம் ஒன்று. சிவப்பில் ஐந்து, கச்சிதமாக ஐந்து. நம்ப முடியாமல் மற்ற இருவரையும் கூப்பிட்டான்.

"இது என்ன செய்யும்?" என்றாள் சாருஜா.

"இதாலை ஒண்டும் செய்யேலாது. மற்றச் சாமான்களுக்குக் கரண்ட் குடுக்கும்."

"மற்றச் சாமான் ஒண்டும் வேலை செய்யாதே, அப்பா."

"ஏன்டி பிள்ளை, கொப்பர் ஒருநாளும் இல்லாத மாதிரிச் சந்தோசமா நிக்கிறார்" என்றாள் அக்கா. "காத்தாடியாவது சுத்துதெல்லே. பாராட்டி விடு."

இவ்வளவோடு போயிருந்தால் அது ஒரு பகிடிக் கதை.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து தனுஷியாவின் தங்கை வாட்ஸ்அப்பில் எடுத்தாள். வழக்கமாகச் சுகிர்தனோடும் அக்காவோடும் கதைத்துவிட்டு வைப்பவள். அன்று இருவரும் சந்தைக்குப் போயிருந்ததால் சாருஜா எடுத்தாள். "ஹலோ, சின்னம்மா" என்றதும் அந்தப் பக்கம் அழுகை. "அப்பிடியே அக்கா கதைக்கிற மாதிரியே இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அழுதாளாம்.

மத்தியானம் சோறு போடும்போது சாருஜா கேட்டாள். "அப்பா, சின்னம்மா சொன்னது உண்மையோ? என்ர குரல் அம்மாவின்ர மாதிரியோ?"

"ஓம் பிள்ளை" என்றான் சுகிர்தன், கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு.

அன்று பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனவன் ஒரு கல்லில் உட்கார்ந்து தேடினான். தனுஷியா அவனைத் திட்டிய வசனங்கள் எல்லாம் சொல்லுக்குச் சொல் நினைவில் இருந்தன. அவள் தோடம்பழம் உரிக்கும் விதம் இருந்தது. கோபம் வந்தால் மூக்கைச் சுருக்குவது இருந்தது. குரல் இல்லை. கீழே எழுத்துப் போட்ட பிறமொழிப் படத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பது போல இருந்தது. எவ்வளவு முக்கினாலும் அவள் வாய் அசைந்தது, வசனம் கீழே ஓடியது. அவ்வளவுதான். எந்த வருடம் அந்தச் சத்தம் போனது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

கலியாண வீடியோ இருந்தது. அதில் அவள் மூன்று மணித்தியாலம் இருக்கிறாள். தலையைக் குனிந்தபடி ஒரு சொல்லும் பேசாமல் இருக்கிறாள். இரண்டொரு இடத்தில் யாருக்கோ ஏதோ சொல்கிறாள், அந்த இடங்களில் எல்லாம் வீடியோக்காரர் பாட்டைப் போட்டு மூடிவிட்டார். அவளுடைய கைத்தொலைபேசி குரலைப் பதிகிற வகையைச் சேர்ந்ததல்ல.

ஆனால் கொம்பியூட்டர் இருந்தது. சாருஜா பிறப்பதற்கு முந்திய வருடம் இரண்டு பேரும் கனடாவுக்கு விண்ணப்பிக்கப் புறப்பட்டார்கள். அதற்கு ஆங்கிலப் பரீட்சை எடுக்க வேண்டியிருந்தது. தனுஷியாவுக்கு எழுத்து வரும், பேச்சில் பயம். அதனால் மைக்கைச் செருகி ஒவ்வொரு நாளும் பழகினாள். சுகிர்தன்தான் சோதனை வைக்கிற வெள்ளைக்காரன். அவன் கேள்வியைக் கேட்பான், அவள் இரண்டு நிமிடம் பேசுவாள், கொம்பியூட்டர் பதியும். முப்பது நாற்பது பதிவாவது இருக்கும். பரீட்சைக்கு முன் வயிற்றில் சாருஜா வந்துவிட்டாள், கனடா அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது, பிறகு எதுவுமே தள்ளிப்போடுவதற்கு இல்லை.

அந்தப் பதிவுகள் எல்லாம் ஹாட் டிஸ்க்கில் இருந்தன. பெட்டியைக் கழற்றியபோது அதை எடுத்துத் துணியில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தான். பன்னிரண்டு வருடத்தில் ஏன் ஒருமுறையும் கேட்கவில்லை என்று யாராவது கேட்டால், கொம்பியூட்டர் பழுது என்று சொல்வான். அவள் போன பிறகு அது ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்தது என்பதைச் சொல்ல மாட்டான்.

"அம்மாவின்ர குரல் இருக்கு" என்று சாருஜாவிடம் சொன்னான். "எடுத்துத் தாறன்."

அவள் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தாள். "சீரியஸாவோ?"

"சீரியஸா."

ராசிக், டிஸ்க்கைக் கொண்டுவா, கடையில் போட்டு ஐந்து நிமிடத்தில் கொப்பி எடுத்துத் தருகிறேன் என்றான். சுகிர்தன் மறுத்துவிட்டான். பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்தவள் முதன்முதல் வாயைத் திறப்பது, சார்ஜர் வாங்க வந்த நாலு பேருக்கு நடுவில் நடப்பதை அவன் விரும்பவில்லை. சாருஜாதான் முதலில் கேட்க வேண்டும், சொந்த வீட்டில். ராசிக்குக்கு அது விளங்கியது. மேலே ஒன்றும் கேட்காமல், பழைய டிஸ்க்கை லப்டொப்பில் கொழுவுகிற கேபிள் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அதற்குக் கரண்ட் கொடுக்கிற துண்டு எப்போதோ தொலைந்துவிட்டது.

"அதுக்கென்ன, உன்ட கிட்ட இப்ப மெசின் ஈக்குதானே" என்றான். "பன்னண்டும் வேணும், அஞ்சும் வேணும். பாத்துக் கொழுவு."

மேசைக்குக் கீழே தப்பிய வெள்ளைச் செருகி இப்போது உதவிக்கு வந்தது. அதில் ஒரு மஞ்சள் வயர், இரண்டு கறுப்பு, ஒரு சிவப்பு. வயர்களை நீட்டி, முனைகளில் முதலை வாய்க் கிளிப்புகளை ஒட்டினான். மஞ்சள் வயர் மஞ்சள் பொட்டுக்கு, சிவப்பு வயர் சிவப்புப் பொட்டுக்கு. குழந்தையும் செய்யும்.

அதற்குள் நவராத்திரி வந்தது.

ஒன்பதாம் நாள் அக்கா வழக்கம்போல வீட்டில் தொழில் செய்கிற பொருட்களை எல்லாம் சாமித் தட்டுக்கு முன் அடுக்கினாள். சாருஜாவின் புத்தகங்கள், தன்னுடைய தையல் மெசின், தேங்காய் துருவி. தம்பி ஒருநாளும் பூசைக்குத் தகுதியான எதையும் செய்ததில்லை என்பதால் அவனுடைய குறடும் திருப்புளியும்தான் ஒவ்வொரு வருடமும் வைக்கப்படும். இந்த வருடம் ஒரு பெட்டி இருந்தது. காற்றாடி சுற்றுகிற பெட்டி. அக்காவுக்குப் பெருமையாக இருந்தது. அவன் வேலைக்குப் போயிருந்த நேரம் அதைத் தூக்கி வந்து, ஈரத் துணியால் ஒரு தூசு இல்லாமல் துடைத்தாள். முன்பக்கம் ஏதோ வர்ணம் பிரண்டு கிடந்தது, அதையும் அழுத்தித் துடைத்தாள். பிறகு அந்த இரண்டு சிவப்புக் குமிழ்களுக்கும் கீழே, தையல் மெசினுக்கு வைப்பது போலவே, ஒவ்வொரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள்.

பூசையில் வைத்ததை விஜயதசமி கழியும்வரை தொடக்கூடாது. சுகிர்தன் தொடவில்லை. சந்தனம் காய்ந்தது. குங்குமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், அக்கா பன்னிரண்டுக்குக் கீழே கொஞ்சம் அழுத்தி வைத்திருந்தாள், அது ஒட்டிக்கொண்டது. ஐந்துக்குக் கீழே வைத்தது காய்ந்து உதிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குச் சுகிர்தன் பெட்டியைத் தன் மேசைக்கு எடுத்து வந்தபோது அதன் முகத்தில் இரண்டு பொட்டுகள் இருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. தான் வைத்தவை என்று நினைத்தான்.

சாருஜா தலைமுழுகி வந்திருந்தாள். ஏன் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காதில் போடுகிற ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"தண்ணி வாளி ஒண்டு கொண்டுவரட்டோ, அப்பா? எதுக்கும்."

"வாயை மூடிக்கொண்டு இரும். இது வேலை செய்யிற சாமான்."

மீற்றர் மேசையில், இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு பொருள் அவனை ஏமாற்றாமல் இருந்தது, அதைத் திரும்பத் திரும்பச் சந்தேகிக்க அவனுக்கு மனம் வரவில்லை. கறுப்பைக் கறுப்பில் கொழுவினான். மஞ்சளை மஞ்சளில். சிவப்பைச் சிவப்பில். செருகியை டிஸ்க்கில் அழுத்தினான்.

"ரெடியோ?"

"போடுங்கோ."

போட்டான். காற்றாடி சுற்றியது. டிஸ்க்குக்குள் ஏதோ எழும்பப் பார்ப்பது போல ஒரு சின்ன அசைவு. பிறகு டிக் என்று ஒரு சத்தம், நகம் வெட்டும்போது வருமே, அவ்வளவுதான். அவன் லப்டொப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, மணக்குது."

"பழைய டிஸ்க், தூசு சூடாகுது. அப்பிடித்தான் மணக்கும்."

"அப்பா, புகை."

அவன் சுவிற்சை நிறுத்திய நேரம் டிஸ்க்கின் அடிப்பக்கத்தில், மிளகு அளவுக் கறுப்புச் சில்லு ஒன்றில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். இப்படிப்பட்ட படங்களை அவன் அலுவலகத்தில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறான். அவற்றின் கீழே தன் கையால் எழுதுகிற வசனமும் அவனுக்குப் பாடம்: உரிமையாளரின் கவனயீனத்தால் ஏற்பட்ட சேதம், நட்டஈடு வழங்குவதற்கில்லை.

இப்போது மீற்றரை எடுத்தான். மஞ்சள் பொட்டில் ஐந்து காட்டியது. சிவப்புப் பொட்டில் பன்னிரண்டு. மீற்றரைத் தட்டிப் பார்த்தான். திரும்பவும் அப்படியே காட்டியது.

சாருஜா குனிந்து அந்த மஞ்சள் பொட்டை விரலால் தொட்டாள். அது உதிர்ந்து அவள் விரலில் வந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அந்த விரலை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். சந்தனம் மணத்தது.

குசினிக்குள்ளிருந்து அக்கா கேட்டாள். "என்ன தம்பி, ஏதோ எரிஞ்ச மணம் வருது?"

"ஒண்டுமில்லை அக்கா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். டிஸ்க்கைப் பார்த்தாள், இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள். "பழுதாப் போச்சுதோ? எப்பிடிப் பழுதாகும், பூசையில வைச்சு எடுத்த சாமானெல்லே? நான் வடிவாத் துடைச்சுப் பொட்டும் வைச்சனான்." கொஞ்சம் நின்று, குரல் இறங்கி, "என்ர கையால ஏதும் பிழை வந்திட்டுதோ, தம்பி?" என்றாள்.

சாருஜா வாயைத் திறந்தாள். சுகிர்தன் அவளைப் பார்த்தான். அவள் அந்த விரலை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்லை அக்கா. நான்தான் வயரை மாத்திக் கொழுவிப்போட்டன்."

"அப்பான்ர வேலையெல்லே, மாமி" என்றாள் சாருஜா. "எப்ப சரியாச் செய்தவர்?"

அதைச் சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குப் பட்டது.

மறுநாள் கடை பூட்டு. திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனான். ராசிக் டிஸ்க்கை வாங்கி மூக்கருகே பிடித்து முகர்ந்தான். வைத்தியர் நாடி பிடிப்பது போல அது அவனுடைய வழக்கம்.

"அஞ்சில பன்னண்டக் குடுத்திருக்காய்."

"ஓம்."

"நீ மட்டும் செய்ய மாட்டியே இப்படி. மஞ்சள், சிவப்பு, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

ராசிக் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பகிடி வரும். வரவில்லை. இப்படி நடந்தால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சின்ன டயோட் இருக்கிறது, சிலவேளை அதை மட்டும் கழற்றினால் டிஸ்க் எழும்பும் என்றான். கழற்றினான். எழும்பவில்லை. அதே மாதிரியான டிஸ்க் ஒன்று கிடைத்தால் அதன் அடிப் பலகையை மாற்றிப் பார்க்கலாம் என்றான். பன்னிரண்டு நாள் தேடி, ஹெந்தளையில் யாரோ ஒருவர் வீட்டுக் கழிவுக்குள்ளிருந்து எடுத்து வந்தான். பலகையில் இருந்த ஒரு சில்லையும் இடம் மாற்றி ஒட்டினான். அன்றைக்கும் சுகிர்தன் போயிருந்தான். டிஸ்க் சுற்றத் தொடங்கியது. சுகிர்தன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு உள்ளே டக், டக், டக் என்று ஏதோ தட்டியது. ராசிக் உடனே நிறுத்திவிட்டான். இப்படியானவற்றைத் திறந்து பார்க்கிற இடம் ஒன்றுக்கு அவனே அனுப்பிவைத்தான். மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டு வரியில் பதில் வந்தது. எடுக்க முடியாது. ராசிக் அதைத் தன் போனில் காட்டினான், வாசிக்கவில்லை.

"நான் அண்டைக்கே வற்புறுத்தி வாங்கியிருக்கணும்" என்றான். "என்ட பிழை, மச்சான்."

"இந்தப் பிழைக்கு ஆள் கூடிப்போச்சு, ராசிக். நீ வேற வராதை."

டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தான் ராசிக். பஸ்ஸில் சுகிர்தன் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்த பெண், சாப்பாட்டுப் பார்சல் என்று நினைத்தோ என்னவோ, நசிந்துவிடாமல் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். சாருஜா கடல் பக்கத்துப் பல்கனியில், காய்ந்த உடுப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். அவனையும் துணியையும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"சரிவரேல்லை" என்றான்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"சரிவந்திருந்தா நீங்கள் படியில வரேக்கையே கத்தியிருப்பியள்."

அவன் நிலத்தில் உட்கார்ந்தான். அவள் கதிரையிலேயே இருந்தாள். கீழே காலி வீதிப் பக்கம் யாரோ முச்சக்கர வண்டியில் மீன் கூவிக்கொண்டு போனார்கள்.

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்றாள் சாருஜா. "அம்மாவின்ர குரல் எப்பிடி? மெல்லிசோ, தடிப்போ? என்ர மாதிரி எண்டா, நான் கதைக்கேக்கை உங்களுக்கு அம்மா கதைக்கிற மாதிரியே இருக்கும், என்ன?"

ஓம் என்று சொல்லிவிடலாம். ஒருமுறை சொன்ன சொல்தான். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் சுலபமாக இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். அவளைப் பார்த்தான். அவன் ஓம் என்றுதான் சொல்வான் என்று தெரிந்தவள் போல, அவள் ஏற்கனவே தலையை ஆட்டத் தயாராக இருந்தாள்.

"எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை."

"அண்டைக்கு ஓம் எண்டியள்."

"அது பொய்."

கொள்ளுப்பிட்டிப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து, தண்டவாளக் கரை முழுவதையும் அதிரவைத்துக்கொண்டு தெகிவளைப் பக்கம் போனது. அது போய் முடிந்ததும் சாருஜா கதிரையிலிருந்து இறங்கி அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்களும் என்னை மாதிரித்தான்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அதற்கு மேல் ஆட்டினால் வேறு ஏதாவது நடந்துவிடும் போல இருந்தது.

"என்ன கதைச்சவ எண்டாவது ஞாபகம் இருக்கோ? அந்த ரெக்கோடிங்ல?"

"அது இருக்கு."

"சொல்லுங்கோ."

"எதை?"

"ஏதாவது ஒண்டு. கடைசியா எடுத்தது."

கடைசியாக எடுத்தது எது என்று அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக அவன் போகாமல் விட்ட இடம் அது. "உங்களைச் சிரிக்க வைக்கிற ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேள்வி. அவ உடனே துவங்கியிட்டா." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவளுடைய குரலில் சொல்ல முடியாது என்பதால் தன்னுடைய குரலிலேயே, ஒரு கந்தோர்க் கடிதம் வாசிப்பது போலச் சொன்னான். "மை ஹஸ்பண்ட் இஸ் மேக்கிங் மெனி திங்ஸ். நத்திங் இஸ் வேர்க்கிங். பட் ஹீ இஸ் நொட் ஸ்டொப்பிங்."

சாருஜா சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தாள். "கிரமர் எல்லாம் பிழை."

"ஓம். நான் குறிச்சு வைச்சனான், பிறகு சொல்லிக் குடுக்க."

"பிறகு என்ன சொன்னவ?"

"ஒரு மின்விசிறி திருத்தின கதை. அது மற்றப் பக்கம் சுத்தினது."

"பிறகு?"

"பிறகு..." அவன் துணிச் சுற்றைத் தரையில் வைத்தான். "பிறகு, 'வென் வீ ஹேவ் அ சைல்ட்' எண்டு துவங்கினா."

"துவங்கி?"

"ரெண்டு நிமிசம் முடிஞ்சுது. ரைம் எண்டு சொல்லி நிப்பாட்டிப்போட்டன்."

"அவ சொல்லி முடிக்க முதலோ?"

"ஓம். சோதனையில அப்பிடித்தான் நிப்பாட்டுவினம். பழகட்டும் எண்டு."

"பிறகு நீங்கள் கேக்கேல்லையோ, என்ன சொல்ல வந்தவ எண்டு?"

"இல்லை" என்றான் சுகிர்தன். "அடுத்த கேள்வியைக் கேட்டனான்."